செத்துப் போச்சுன்னு தீர்ப்புச் சொல்ல முன்னாடி

“பவர் வரல, செத்துப் போச்சு.”

பழைய டீவி கேம் பற்றி எங்கள் வீடுகளில் அடிக்கடி கேட்கிற வாக்கியம் இது. இதில் முதல் பாதி கண்ணால் பார்த்த விஷயம். ஸ்விட்சைப் போட்டோம், ஒண்ணும் நடக்கல. இரண்டாம் பாதி யாரும் பார்க்காத விஷயம். அது ஒரு தீர்ப்பு. விசாரணை இல்லாமலேயே கொடுக்கப்பட்ட தீர்ப்பு.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிடுறோம். பழைய கேம் பெட்டி ஒன்றுக்குப் பவர் வரல என்றால், பெரும்பாலும் கெட்டுப் போயிருப்பது பெட்டியின் மூளை இல்லை. அதுக்குச் சோறு ஊட்டுற பகுதிதான். அடப்டர், வயர், ஜாக், ஸ்விட்ச், ஒரு மூணு கால் ரெகுலேட்டர், வறண்டு போன இரண்டு கெப்பாசிட்டர். இவ்வளவையும் பார்த்த பிறகு “செத்துப் போச்சு”ன்னு சொல்லலாம். அதுக்கு முன்னாடி சொல்றது சோம்பல். அந்தச் சோம்பலுக்கு நம்ம ஊர் ஒரு விலை கொடுக்குது. அதையும் இந்தக் கட்டுரையில் கதைப்போம்.

எந்தப் பெட்டி?

நின்டெண்டோ கம்பெனியின் பேமிகொம் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1983 ஜூலை 15. அதே ஜூலையின் கடைசி வாரத்தில் கண்டியில் தமிழர் கடைகளுக்கு என்ன நடந்தது என்று நம்ம வீட்டுப் பெரியவங்களுக்குத் தெரியும். ஜப்பான் பிள்ளைகள் விளையாடத் தொடங்கிய அந்த நாட்களில் நம்ம ஆட்கள் எதை மூட்டை கட்டுறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தாங்க. டீவியே அப்போ புதுசு. சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் தொடங்கியது, ரூபவாஹினி 1982 பெப்ரவரியில். கரண்ட் வராத லயங்களில் கார் பெட்டரியில் கறுப்பு வெள்ளை டீவி பார்த்த காலம் அதுக்குப் பிறகும் பல வருஷம் ஓடுச்சு.

பேமிகொம்மும் அதன் அமெரிக்க வடிவமான என்.ஈ.எஸ்ஸும் உலகம் முழுக்கச் சேர்ந்து 6 கோடியே 19 இலட்சம் விற்றன. ஆனால் அந்தக் கணக்கில் நம்ம வீட்டுப் பெட்டி அநேகமாக இல்லை. நம்ம கைக்கு வந்தது அதன் நகல்கள். தாய்வானின் டீ.எக்ஸ்.சி கம்பெனி போட்ட மைக்ரோ ஜீனியஸ், அதைப் பார்த்துச் செய்த வேறு வேறு பெயர்கள். எல்லாத்துக்கும் நம்ம ஊரில் ஒரே பெயர்: டீவி கேம். பிறகு சேகா வந்தது, பிளேஸ்டேஷன் வந்தது.

எப்படி வந்தது என்பதுதான் முக்கியம். கடையில் வாங்கியது கொஞ்சம். ஜப்பானில் இருந்து வந்த பாவிச்ச சாமான்களோடு வந்தது கொஞ்சம். வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போன அம்மாமார், சித்திமார் லீவில் வரும்போது பெட்டிக்குள்ள புடவைக்கு நடுவில் சுத்திக் கொண்டு வந்தது கொஞ்சம். இரண்டு வருஷம் பிள்ளையைப் பார்க்காத ஒருத்தர், அந்தப் பிள்ளைக்காக வாங்கின சாமான் அது. அலுமாரிக்கு மேல தூசு பிடிச்சுக் கிடந்தாலும் பல வீடுகளில் அதை யாரும் வீசாமல் வச்சிருக்கிறதுக்குக் காரணம் மாரியோ இல்லை.

இந்த வரலாறு திருத்துறதுக்கும் தேவைப்படுது. இலங்கை மின்சாரம் 230 வோல்ட். ஜப்பான் 100 வோல்ட். சவூதியில் அந்தக் காலத்தில் பல வீடுகளில் 127 வோல்ட் லைன். பெட்டி எந்த நாட்டில் இருந்து வந்தது என்று கேட்காமல் பிளக்கைக் குத்துறவங்க, பெட்டியின் கதையைத் தெரிஞ்சுக்காமலேயே அதை முடிச்சிடுறாங்க.

கேள்வியைச் சரியாக் கேளுங்க

“ஒன் ஆகல” என்பதில் மூணு வெவ்வேறு நோய் இருக்கு. ஒன்று, லைட்டும் இல்லை, படமும் இல்லை. இரண்டு, லைட் எரியுது, படம் இல்லை. மூணு, வருது, போகுது. கடைக்குக் கொண்டு போறதா இருந்தாலும் இதில் எது என்று சொல்லத் தெரிஞ்சா, திருத்துறவருக்குப் பாதி வேலை முடிஞ்சிடும்.

லைட்டை நம்பிவிடவும் கூடாது. அசல் பேமிகொம்மில் பவர் லைட்டே கிடையாது. அதை முதல் தடவை கையில் எடுக்கிறவங்க “லைட் வரலையே” என்று பயப்படுறதில் அர்த்தம் இல்லை.

படம் வராததுக்கும் பவர் வராததுக்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம். அசல் பேமிகொம் டீவிக்குப் படம் அனுப்புறது அன்டெனா வயர் வழியாக, ஜப்பானின் 1ஆம் அல்லது 2ஆம் சனலில். அந்த அலைவரிசை நம்ம ஊரில் எப்.எம். ரேடியோ இருக்கிற இடம். நம்ம டீவிகள் அங்கே தேடவே தேடாது. பெட்டி உள்ளே நல்லா ஓடிக்கிட்டு இருக்கும், நாம டீவிக்கு முன்னாடி உட்கார்ந்து இரங்கல் தெரிவிச்சுக்கிட்டு இருப்போம்.

நகல் பெட்டிகளில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை வயர் குத்துற ஓட்டை பக்கத்தில் இருக்கும். அதில் போட்டுப் பாருங்க. டீவியை ஏ.வி.க்கு மாத்தினீங்களா என்றும் பாருங்க. அன்டெனா வயர் மட்டும்தான் இருக்குன்னா, பழைய டீவி ஒன்றில் புள்ளி புள்ளியா இரைச்சல் வர்ற நேரத்தில் பெட்டியின் ஸ்விட்சைப் போடுங்க. இரைச்சல் மாறினா, கறுப்பானா, கோடு விழுந்தா, பெட்டிக்கு உயிர் இருக்கு.

மூணாவது நோய்க்கு ஒரு உதாரணம் சொல்றோம். முன்பக்கம் கேசட்டை உள்ளே தள்ளுற என்.ஈ.எஸ் பெட்டியில் சிவப்பு லைட் ஒரு செக்கனுக்கு ஒருமுறை அணைஞ்சு எரியும். இதைப் பார்த்து பவர் பிழை என்று நினைப்பாங்க. உண்மையில் அந்தப் பெட்டிக்குள் ஒரு காவல்காரச் சிப் இருக்கு. கேசட்டில் இருக்கிற ஜோடிச் சிப்போடு அதுக்குக் கதைக்க முடியலன்னா, பெட்டியைத் திரும்பத் திரும்ப ரீசெட் பண்ணிக்கிட்டே இருக்கும். பவர் நல்லா இருக்கு. கேசட்டின் செப்புப் பல்லும் பெட்டியின் 72 பின்னும் ஒட்டலை, அவ்வளவுதான். பேமிகொம்மிலும் நம்ம ஊர் நகல்களிலும் அந்தக் காவல்காரன் இல்லை.

கேசட்டை வாயால் ஊதுறதைப் பற்றியும் சொல்லணும். ஊதினா வேலை செய்யும் என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். வேலை செஞ்சது ஊதினதால் இல்லை, கழட்டித் திரும்பப் போட்டதால். வாய்க் காத்தில் இருக்கிற ஈரம் அந்தப் பல்லைத்தான் கெடுக்கும். ஊதாதீங்கன்னு நின்டெண்டோவே சொல்லியிருக்கு. மழைக்காலத்தில் சுவரில் பூஞ்சணம் பிடிக்கிற கண்டியில் அந்த ஈரம் காய நாள் எடுக்கும். பஞ்சில் ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்டுத் துடைங்க. பஞ்சு கறுப்பா வரும். அதுதான் பிரச்சினை.

அடப்டர்தான் முதல் சந்தேக நபர்

பெட்டியைத் திறக்காதீங்க. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைங்க. அடப்டரை வெளிச்சத்தில் பிடிச்சு, அதில் எழுதியிருக்கிறதை வாசிங்க. நாலு விஷயம் வேணும்.

முதலாவது, உள்ளே போற வோல்ட். 220–240 என்று இருந்தா சரி. 100 அல்லது 110–127 மட்டும் இருந்தா, ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமர் இல்லாமல் நம்ம சுவரில் குத்தவே கூடாது.

இரண்டாவது, வெளியே வர்ற வோல்ட்டும் அம்பியரும். அசல் பேமிகொம் அடப்டர் 10 வோல்ட், 850 மில்லி அம்பியர். நகல்களில் பெரும்பாலும் 9 வோல்ட். அம்பியர் கூடினால் பரவாயில்லை, பெட்டி தனக்குத் தேவையானதைத்தான் இழுக்கும். குறைந்தால் அடப்டர் திணறும்.

மூணாவது, டீ.சீ.யா ஏ.சீ.யா. அமெரிக்க என்.ஈ.எஸ் அடப்டர் வெளியே விடுறது 9 வோல்ட் ஏ.சீ. அதை டீ.சீ.யா மாத்துற பகுதி அந்தப் பெட்டிக்குள் இருக்கு. பேமிகொம்மில் இல்லை. இரண்டும் ஒரே கம்பெனி என்று நம்பி அதை இதில் குத்தினா, நல்லா இருந்த பேமிகொம் போய்விடும்.

நாலாவது, நம்ம ஆட்கள் கவனிக்காமல் விடுறது, துருவம். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி ஒரு வளைவு, இரண்டு பக்கமும் பிளஸ் மைனஸ் போட்ட சின்னப் படம் ஒன்று அடப்டரில் இருக்கும். பேமிகொம்முக்கு நடு மைனஸ். சேகா மெகா டிரைவ் முதல் மாடலுக்கும் நடு மைனஸ். அதே மெகா டிரைவின் இரண்டாவது மாடலுக்கு நடு பிளஸ். இன்றைக்குக் கடையில் சும்மா “9 வோல்ட் அடப்டர் ஒண்ணு தாங்க”ன்னு கேட்டா கிடைக்கிறதில் பெரும்பாலானவை நடு பிளஸ். பிளக் அழகாப் பொருந்தும். பொருந்துறது எல்லாம் சரியானது இல்லை.

இனி மீட்டர். விலை கூடினது தேவையில்லை, ஹார்ட்வெயார் கடையில் தொங்குற மஞ்சள் மீட்டரே போதும். டீ.சீ. 20 வோல்ட்டில் வச்சு அடப்டர் முனையைப் பாருங்க. 9 வோல்ட் என்று எழுதின பழைய, கனமான அடப்டர் 12, 13 காட்டலாம். பயப்பட வேண்டாம். சுமை இல்லாத நேரத்தில் அந்த வகை அடப்டர் அப்படித்தான் காட்டும். ஒண்ணுமே காட்டலன்னா, பிளக்குக்குப் பக்கத்தில் வயர் வளையிற கழுத்தைப் பிடிச்சு மெதுவா ஆட்டுங்க. எண் வந்து வந்து போனா, வயர் உள்ளே அறுந்திருக்கு. பல வருஷம் அடப்டரில் வயரை இறுக்கிச் சுத்தி வச்ச பலன் அது. வெட்டி, புது முனை போட்டா முடிஞ்சது.

சும்மா பார்க்கும்போது சரியா காட்டி, பெட்டியில் குத்தினதும் விழுந்து போற அடப்டரும் இருக்கு. அதனால் பெட்டி ஓடும்போதும் ஒரு தடவை அளக்கணும். வேறு ஒருத்தரிடம் அதே வோல்ட், அதே துருவம் உள்ள நல்ல அடப்டர் இருந்தா மாத்திப் போட்டுப் பாருங்க. அதைவிட மலிவான பரிசோதனை இல்லை.

பெட்டியைத் திறந்தா

அடப்டர் நல்லது என்று உறுதியான பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர். இங்கே நாங்கள் சொல்றது, வெளியே தனி அடப்டர் உள்ள பெட்டிகளுக்கு மட்டும். காரணம் கீழே வருது.

ஜாக்கைப் பாருங்க. ஆயிரம் தடவை குத்தி இழுத்த இடம். அதன் கால்களைச் சுற்றி ஈயத்தில் மயிர் மாதிரி ஒரு வட்ட வெடிப்பு இருக்கும். மறுபடி சூடாக்கி ஈயம் போட்டா போதும். ஸ்விட்சை இருபது தடவை மேலயும் கீழயும் தள்ளுங்க, உள்ளே பிடிச்ச கறுப்பு தேயும். தேயலன்னா கொன்டக்ட் கிளீனர். துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம்.

அடுத்தது கதாநாயகன். அலுமினியத் தகட்டில் முதுகு சாய்ச்சு நிக்கிற மூணு கால் சாமான், 7805. அடப்டர் தர்ற 9 அல்லது 10 வோல்ட்டை 5 வோல்ட்டா மாத்தித் தர்றது இதுதான். மிச்ச வோல்ட்டை எல்லாம் சூடாக்கி வெளியே விடும், அதனால்தான் டீவி கேம் கொதிக்கும். எழுத்து நம்மைப் பார்க்கிற மாதிரிப் பிடிச்சா, இடது கால் உள்ளே, நடுக் கால் கிரவுண்ட், வலது கால் வெளியே. இடதில் 9க்கு மேல வருது, வலதில் 5க்குக் கிட்ட வருதுன்னா அது நல்லா இருக்கு. இடதில் ஒண்ணுமே வரலன்னா பிரச்சினை ஜாக், ஸ்விட்ச், பியூஸ் பக்கம். இடதில் வருது, வலதில் பூச்சியம் என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ரெகுலேட்டர் போயிருக்கலாம், அல்லது அதுக்குப் பிறகு எங்கேயோ ஷோர்ட் ஆகி அதை நெரிச்சுக்கிட்டு இருக்கலாம். பிளக்கைக் கழட்டிவிட்டு, வலது காலுக்கும் நடுக் காலுக்கும் நடுவில் ஓம்ஸ் பாருங்க. கிட்டத்தட்ட பூச்சியம் என்றால் ஷோர்ட். அதைக் கண்டுபிடிக்காமல் புது 7805 போட்டாலும் பலன் இல்லை.

“பத்து நிமிஷம் ஓடுது, அப்புறம் நிக்குது, கொஞ்ச நேரம் விட்டா திரும்ப வருது” என்பதும் இதன் வேலைதான். 7805 அளவுக்கு மேல சூடானா தன்னைத் தானே நிறுத்திக்கும். தகட்டோடு சரியா ஒட்டியிருக்கான்னு பாருங்க. புதுசு வாங்கினாலும் ஒரு பிளேன்டியும் இரண்டு வடையும் சாப்பிடுற காசுக்குள்ள வரும். ஒரு குடும்பத்தின் சாமானைக் குப்பைக்கு அனுப்புறதும் வைக்கிறதும் சில நேரம் இந்தச் சின்னக் காசில்தான் நிக்குது.

பிறகு, உருளை வடிவக் கெப்பாசிட்டர்கள். உள்ளே இருக்கிற திரவம் வருஷக் கணக்கில் வறண்டு போகும். சூடு 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது திருத்துறவங்க கணக்கு. தலை வீங்கியிருந்தாலோ, காலடியில் கசிஞ்சிருந்தாலோ மாத்தணும். அதே மைக்ரோபெரட், அதே வோல்ட் அல்லது கூட. கோடு போட்ட பக்கம் மைனஸ்.

பியூஸ் போயிருந்தா ஒரு விஷயம். சிகரட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுத்திப் போடுற பழக்கம் நம்ம ஊரில் இன்னும் இருக்கு. பியூஸ் சும்மா போகாது. அது வேறு எதையோ காப்பாத்தப் போய் எரிஞ்சது. அந்த வேறு எதுவோ என்னன்னு பார்க்காமல் வெள்ளித்தாள் வைக்கிறது, காவல்காரனை வெளியே அனுப்பிட்டுக் கதவைத் திறந்து வைக்கிற மாதிரி.

இவ்வளவும் சரி, 5 வோல்ட் வருது, ஆனாலும் உயிர் இல்லை என்றால்? அப்போ சிப். பழைய மைக்ரோ ஜீனியஸ் பெட்டிகளில் தனித்தனி சிப்கள் இருக்கும், அதே மாதிரிப் போர்டில் இருந்து கழட்டி மாத்தலாம். பிறகு வந்த மலிவுப் பெட்டிகளில் எல்லாமே ஒரு கறுப்புத் தார்ப் பொட்டுக்கு அடியில். அது போனா போனதுதான். அப்போ சொல்லுங்க, செத்துப் போச்சுன்னு. நாங்களும் கூட வந்து சொல்றோம்.

கை வைக்கக் கூடாத இடம்

பிளேஸ்டேஷன் முதல் மாடல், தடிச்ச பிளேஸ்டேஷன் 2 போன்றவற்றில் சுவர் மின்சாரம் நேரா பெட்டிக்குள் போகுது. அங்கே இருக்கிற பெரிய கெப்பாசிட்டரில் 230 வோல்ட் லைனுக்கு ஏறத்தாழ 325 வோல்ட் டீ.சீ. தேங்கி நிக்கும். பிளக்கைக் கழட்டின பிறகும் கொஞ்ச நேரம் நிக்கும். பழைய டீவியின் படக் குழாய் இன்னும் மோசம், ஆயிரக்கணக்கான வோல்ட். யூடியூப் வீடியோ ஒன்று பார்த்துவிட்டு இதுக்குள் கை விடாதீங்க. இதுக்குப் பழகின ஆள் வேணும்.

ஜப்பான் பிளேஸ்டேஷனை நேரா நம்ம சுவரில் குத்தினா, 100 வோல்ட்டுக்குன்னு வச்ச பாகங்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல போகும். “டப்” என்ற சத்தமும் கருகின வாடையும் வரும். பெரும்பாலும் பியூஸும் பவர் போர்டும்தான் போயிருக்கும். அப்போதும் அது மரணச் சான்றிதழ் இல்லை, பழகின ஆளிடம் கொடுக்க வேண்டிய நேரம்.

இன்னொரு உள்ளூர் விஷயம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி இறங்குற ஊர் இது. பவர் பிளக்கை மட்டும் கழட்டினா போதாது, வெளி அன்டெனா வயரையும் கழட்டணும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின காலத்தில் வீட்டுச் சாமான்கள் கெட்டது நினைவிருக்கும். கரண்ட் போனா ஸ்விட்சை ஓப் பண்ணுங்க. திரும்ப வந்ததும் சில நிமிஷம் விட்டுப் போடுங்க.

“போன்லயே விளையாடலாமே?”

இந்தக் கேள்வி நியாயமானது. அந்தக் காலத்துக் கேம் எல்லாம் இன்றைக்குப் போனில் ஓடும். கேம் மட்டும்தான் வேணும்னா, ஒரு பெட்டியோடு மூணு நாள் போராடத் தேவையில்லை. நாங்களும் போனில் விளையாடுறவங்கதான்.

ஆனால் இரண்டு விஷயம் யோசிங்க. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி பவுண்டேஷன் 2023இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2010க்கு முன் அந்த நாட்டில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்றைக்கு முறையா வாங்கக் கிடைக்காது என்று அது சொல்லுது. போனில் நமக்குக் கிடைக்கிறதுக்குக் காரணம், யாரோ பழைய பெட்டியையும் கேசட்டையும் வீசாமல் வச்சிருந்து, திறந்து, அதன் வேலையைப் படிச்சதுதான்.

இரண்டாவது, எங்களுக்கு இதில் கேம் இரண்டாம் பட்சம். டீவி கேம் என்பது ஒரு இளைஞர் முதல் தடவையா இலத்திரனியலைத் தொட்டுப் பழக இருக்கிற நல்ல இடங்களில் ஒன்று. 5 வோல்ட், 9 வோல்ட். ஷோக் அடிக்காது. பாகங்கள் கண்ணுக்குத் தெரியிற அளவு. ஒட்டு வைக்காத ஸ்க்ரூ. இன்றைய போனைத் திறந்தா பசை, கண்ணாடி, அரிசி மணியைவிடச் சின்னப் பாகம். மின்சாரம் எங்கே தொடங்கி எங்கே நிக்குதுன்னு தேடிப் போகிற அந்த ஒழுங்கை இந்தப் பெட்டியில் பழகின பிள்ளை, நாளைக்கு ரைஸ் குக்கரையும் பேனையும் வை-பை ரவுட்டரையும் அதே மாதிரிப் பார்க்கும்.

பார்க்காமல் வீசினா எங்கே போகுது? கண்டிக் குப்பை கொஹாகொடைக்குப் போகுது. அது இருக்கிறது மகாவலிக் கரையில். 2006க்கு முன் செய்த இந்த மாதிரிப் போர்டுகளில் ஈயம் கலந்த சோல்டர்தான் வழக்கம். நாம “செத்துப் போச்சு”ன்னு சொல்லி வீசுறது, நாம தண்ணி எடுக்கிற ஆற்றுக்குப் பக்கத்தில் போய்க் கிடக்குது. உலகம் முழுக்க 2022இல் மட்டும் 6 கோடியே 20 இலட்சம் தொன் இலத்திரனியல் குப்பை சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரிச்சு மீள்சுழற்சி செய்தது 22.3 சதவீதம். இது ஐ.நா. அமைப்புகளின் கணக்கு.

பார்த்த கூலி

இனி எங்களுக்குக் கோபம் வர்ற இடம்.

கட்டுகஸ்தோட்டையில், பேராதனையில், கம்பளையில், டவுனின் குறுக்குச் சந்துகளில் இன்னும் சில திருத்துற கடைகள் இருக்கு. பழைய ரேடியோவும் ஸ்பீக்கரும் கூரை வரைக்கும் அடுக்கி, நடுவில் ஒரு மேசை விளக்கோடு ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் செத்த போர்டில் இருந்து பாகம் கழட்டி நம்ம வீட்டுச் சாமான்களை ஓட வச்சது இவங்கதான். சிங்களம், தமிழ் எதில் கேட்டாலும் பதில் சொல்வாங்க.

அவங்க ஒரு மணித்தியாலம் தேடி, “தம்பி, இது சிப், செய்ய ஏலாது” என்று சொன்னா நாம என்ன செய்றோம்? பெட்டியை வாங்கிக்கிட்டு, சும்மா வந்துடுறோம். திருத்தலையே, எதுக்குக் காசு? டொக்டர் நோய் இல்லைன்னு சொன்னாலும், தீராதுன்னு சொன்னாலும் அவருக்குக் காசு கொடுக்கிறோம். ஏன்னா அவர் பார்த்தார். பார்க்கிறதுதான் வேலை. திருத்துற வேலையிலும் கஷ்டமானது பிழையைக் கண்டுபிடிக்கிறதுதான், ஈயம் போடுறது ஐந்து நிமிஷம். பார்த்த கூலி கொடுக்காத ஊரில், மகன் அப்பாவின் மேசையில் வந்து உட்கார மாட்டான். ஏன் உட்காரணும்?

இன்னொரு பக்கம், பழைய சாமான் மோகத்தில் “டெஸ்ட் பண்ணல” என்று போட்டு நல்ல விலைக்கு விற்கிறாங்க. டெஸ்ட் பண்ண ஒரு அடப்டரும் ஐந்து நிமிஷமும் போதும். பண்ணிப் பார்த்து வேலை செய்யலன்னு தெரிஞ்சுதான் அப்படிப் போடுறாங்களோ என்று வாங்குறவர் சந்தேகப்படுறது நியாயம். அந்த விலை கொடுக்காதீங்க. ஓடாத பெட்டி என்று நினைச்சு, அதுக்குரிய விலை மட்டும் பேசுங்க.

சட்டத்தின் பக்கமும் நிலைமை நல்லா இல்லை. கலிபோர்னியா 2023இல் திருத்தும் உரிமைச் சட்டம் கொண்டு வந்தது. போனுக்கும் வீட்டுச் சாமானுக்கும் பாகமும் கையேடும் கம்பெனி கொடுக்கணும் என்று சொன்ன அந்தச் சட்டம், வீடியோ கேம் கொன்சோல்களைப் பெயர் சொல்லி வெளியே விட்டது. களவுக் கேம் ஓட்டுவாங்க என்ற பயம்தான் கம்பெனிகள் சொல்ற காரணம். பழைய ரேடியோவோடும் டீவியோடும் சேர்க்கிட் படம் தந்த காலம் ஒன்று இருந்தது. காசு கொடுத்து வாங்கின பெட்டியின் உள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிறதே களவு மாதிரி ஆகிவிட்டது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் நம்மைப் பாவனையாளர் என்று கூப்பிடுது. திருத்துறவங்க என்றும் நம்மைக் கூப்பிடுற ஒரு சட்டத்தை நாம கேட்கணும்.

என்ன செய்யலாம்

சட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. மூணு விஷயம் இந்த மாசமே செய்யலாம்.

ஒன்று, பார்த்த கூலி. கடைக்குப் போகும்போதே “பார்க்க எவ்வளவு?” என்று கேளுங்க. திருத்தினாலும் இல்லாட்டியும் அதைக் கொடுங்க. என்ன பிழை, எப்படித் தெரிஞ்சதுன்னு கேளுங்க. மரியாதையாக் கேட்டா சொல்லித் தராதவங்களை நாங்கள் அதிகம் பார்க்கல.

இரண்டு, ஒரு மேசை. வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ தோட்டத்துச் சன சமூக நிலையத்திலோ மாசம் ஒரு சனிக்கிழமை. ஒரு மீட்டர், ஒரு சோல்டரிங் அயர்ன், இரண்டு மூணு வகை அடப்டர். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் வடை எடுக்கக் கூடாது என்ற ஒரு சட்டம். பவர் வராத சாமானைக் கொண்டு வாங்க என்று சொன்னா போதும், மேசை நிறையும்.

மூணு, தமிழில் எழுதுங்க. இந்த அறிவு ஆங்கிலத்தில் தேடினா கொட்டிக் கிடக்கு. சிங்களத்தில் வீடியோ இருக்கு. நம்ம மொழியில் அது திருத்துறவங்க வாயில் இருக்கு, அவங்களோடேயே போயிடும். எந்தப் பெட்டி, என்ன நோய், எந்தக் காலில் எத்தனை வோல்ட், எதை மாத்தினா வந்தது என்று நாலு வரி போதும். எழுதினதை எங்களுக்கு அனுப்புங்க, போடுறோம்.

முதல் வேலையா, அலுமாரிக்கு மேல இருக்கிறதை இறக்குங்க. குத்தாதீங்க. அடப்டரைத் திருப்பி, அதில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்குன்னு வாசிங்க.